ஸ்டேட்டஸ்ல வசனம் போடலாமா வேணாமான்னு கேட்ட தங்கச்சிக்கு

தங்கச்சிக்கு ஸ்தோத்திரம். உங்க லெட்டர நிதானமா படிச்சேன். மத்தவங்களும் இத படிப்பாங்கங்கறதால உங்க பேரு, சபை பேரு, கடை பேரு எதுவும் இல்லாம நீங்க எழுதுனத முதல்ல சுருக்கமா சொல்லிடுறேன்.

நீங்க ஏற்காட்டுல காபி எஸ்டேட்டுக்குள்ள பொறந்து வளந்தவங்க, இப்ப சேலத்துல ஹாஸ்டல்ல தங்கி செவ்வாய்ப்பேட்டைல ஒரு வெள்ளிக் கொலுசு வியாபாரிகிட்ட கணக்கு பாக்குறீங்க, அந்த கடைல நீங்க ஒருத்தர்தான் கிறிஸ்தவங்க. தினம் காலைல வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல வசனம், டேபிள் மேல வசன காலண்டர், மதியம் டிபன் பாக்ஸ திறந்ததும் கண்ண மூடி ஜெபம். போன மாசம் ஒரு சாயங்காலம் சேலத்துலயே குகைங்கற பகுதில இருந்து கொலுசு வேலை முடிச்சு கொண்டு வந்த ஒரு அம்மாவ எடை குறையுதுன்னு எல்லாரும் இருக்கும்போதே சத்தம் போட்டுட்டீங்க, "வெள்ளி விலை ஏறுனதும் கை நீளுதா"ன்னு கேட்டுட்டீங்க. பக்கத்து சீட்டு பொண்ணு திரும்பி, "காலைல அன்பு நீடிய சாந்தமும் தயவும் உள்ளதுன்னு போட்டியே, சாயங்காலம் இதானா"ன்னு கேட்டுடுச்சு. அன்னைக்கு ராத்திரியே எல்லாத்தையும் அழிச்சிட்டீங்க, காலண்டர் டிராயருக்குள்ள போயிடுச்சு, இப்ப பாத்ரூமுக்கு போய் நின்னு ஜெபம் பண்ணிட்டு வந்து சாப்பிடுறீங்க. இது தெரிஞ்சு சபைல வாலிபர் கூட்டம் நடத்துற அண்ணன் மாற்கு 8:38 எடுத்து காட்டி, நீ கிறிஸ்துவுக்காக வெக்கப்படுறன்னு சொல்லிட்டாரு. இதுக்கு நடுவுல ஆயுத பூஜை வேற வருது, பொட்டு வைக்கணுமா, பொரி சாப்பிடலாமா, இல்ல பேசாம வேலைய விட்டுட்டு ஒரு கிறிஸ்தவ ஸ்கூல் ஆபீஸ்ல சேந்துடலாமான்னு கேக்குறீங்க.

எல்லாத்துக்கும் பதில் சொல்றேன், ஆனா நீங்க கேட்ட வரிசைல இல்ல. ஏன்னா உங்க லெட்டர்ல ஸ்டேட்டஸ் பத்தி ஒரு பக்கம், அந்த அண்ணன் சொன்னது பத்தி ஒரு பக்கம், பொரி பத்தி அரை பக்கம் எழுதியிருக்கீங்க, நடுவுல ஒரே ஒரு வரி, "அப்புறம் பாத்தா முந்துன தடவை கொடுத்த வெள்ளிய நான்தான் தப்பா என்ட்ரி போட்டிருந்தேன், நோட்ட சரி பண்ணிட்டேன்"னு எழுதிட்டு அடுத்த விஷயத்துக்கு போயிட்டீங்க. தங்கச்சி, எனக்கு இந்த லெட்டரே அந்த ஒரு வரிதான். நோட்ட சரி பண்ணீங்க, அந்த அம்மாவுக்கு சொன்னீங்களா? அன்னைக்கு அங்க நின்னு கேட்டுட்டு இருந்தவங்களுக்கு சொன்னீங்களா? எடை குறைஞ்சதுன்னு அந்த வாரம் கூலில பிடிச்சாங்களா? ஒண்ணுமே எழுதல. நீங்க மறைக்கணும்னு மறைச்சதா நான் நினைக்கல, அத பாக்கவே முடியாத அளவுக்கு வலி இருக்கு, அதனாலதான் பக்கத்துல இருக்கற வேற விஷயங்கள பத்தியே சுத்தி சுத்தி எழுதியிருக்கீங்க.

கவுன்சிலிங்குக்கு வர்றவங்ககிட்ட இத அடிக்கடி பாக்குறேன். தப்பு பண்ணிட்டோமேன்னு மனசு உறுத்துச்சுன்னா கால் யார புண்படுத்துனோமோ அவங்கள தேடி போகும். ஐயோ நாலு பேர் பாத்துட்டாங்களேன்னு மட்டும் மனசு கூசுச்சுன்னா கால் ஒளியறதுக்கு இடம் தேடும், போட்டோவ அழிப்போம், குரூப்ல இருந்து வெளியேறுவோம், வேலையவே மாத்துவோம், அடிபட்டவங்க மட்டும் அதே இடத்துல அப்படியே நிப்பாங்க. நீங்க செஞ்ச ஒவ்வொண்ணையும் வச்சு பாருங்க, ஸ்டேட்டஸ அழிச்சது, காலண்டர உள்ள வச்சது, பாத்ரூம்ல ஜெபம் பண்றது, இப்ப ஸ்கூல் வேலை தேடறது, இதுல எதுவுமே அந்த அம்மாவ நோக்கி ஒரு அடி கூட போகல.

அந்த அம்மா எந்த நிலைமைல இருக்காங்கன்னு உங்களுக்கு என்னை விட நல்லா தெரியும், இருந்தாலும் படிக்கிறவங்களுக்காக சொல்றேன். கடைல வெள்ளிய எடை போட்டு நோட்டுல எழுதி கொடுப்பாங்க, வீட்டுல இல்லன்னா சின்ன பட்டறைல உக்காந்து கண்ணி கண்ணியா கோத்து, பத்த வச்சு, முடிச்சு திருப்பி கொண்டு வரணும், சேதாரத்துக்கு ஒரு அளவு விட்டுட்டு மீதி கிராம் கணக்குக்கு சரியா வரணும். எடை போடும்போது காத்துக்கு தராசுல நம்பர் ஆடக்கூடாதுன்னு ஃபேன ஆஃப் பண்ணிடுவாங்க, அந்த கொஞ்ச நேரம் மொத்த கடையும் அந்த சின்ன ஸ்கிரீனையே பாத்துட்டு இருக்கும், எதிர்ல நிக்கிறவங்களுக்கு நெஞ்சு அடிச்சுக்கும். அவங்ககிட்ட நோட்டு இல்ல, நோட்டு உங்ககிட்ட இருக்கு. நீங்க குறையுதுன்னு சொன்னா குறையுதுதான், எதுத்து பேசுனா அடுத்த வாரம் வேலை கிடைக்குமோ கிடைக்காதோ. இந்த தொழில்ல ஒருத்தர் மேல வெள்ளி எடுத்தாங்கன்னு ஒரு பேச்சு விழுந்துச்சுன்னா அது ஒரு கடையோட நிக்காது, தெரு முழுக்க போயிடும், அப்புறம் வேற பட்டறைலயும் நம்பி கொடுக்க யோசிப்பாங்க.

நீதிமொழிகள் 11:1 உங்களுக்கு மனப்பாடமா தெரிஞ்சிருக்கும், "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்." நீங்க கள்ளத்தராசு வைக்கல, வேணும்னே தப்பா எழுதவும் இல்ல, அது எனக்கு தெரியும். ஆனா தப்புன்னு தெரிஞ்ச அன்னைக்கே வாய திறந்து சொல்லாம நோட்ட மட்டும் திருத்துனீங்க பாருங்க, அந்த நிமிஷத்துல இருந்து அந்த அம்மாவோட பேரு உங்க கைல அடமானமா கிடக்கு. உங்க கடைல உங்க விசுவாசத்துக்கு ஒரு இடம் இருக்குன்னா அது ஸ்டேட்டஸ் இல்ல, டிபன் பாக்ஸும் இல்ல, அந்த தராசும் நோட்டும்தான். அதுல நீங்க எப்படி நடந்துக்கறீங்கன்னு பாத்துதான் உங்க ஆண்டவர் எப்படிப்பட்டவர்னு அவங்க தெரிஞ்சுக்குவாங்க, ஏன்னா அவங்க சோறு அதுலதான் இருக்கு.

அதனால முதல்ல செய்ய வேண்டியது இது. அந்த அம்மா அடுத்து வேலை கொண்டு வர்ற நாள்ல, அன்னைக்கு யார் யார் இருந்தாங்களோ அவங்கெல்லாம் இருக்கற நேரமா பாத்து, எழுந்து நின்னு சொல்லுங்க, "அம்மா, அன்னைக்கு எடை சரியாதான் இருந்துச்சு, நான்தான் நோட்டுல தப்பா எழுதிட்டேன், உங்கள அப்படி பேசுனது பெரிய தப்பு, மன்னிச்சிடுங்க." அவ்வளவுதான். அதுக்கு மேல ஒண்ணும் வேணாம், டென்ஷன்ல இருந்தேன், முதலாளி திட்டுனாரு, மாசக் கடைசி வேலை அதிகம்னு ஒரு காரணமும் சேக்காதீங்க. முக்கியமா, கர்த்தர் என்கூட பேசினாரு, அதனாலதான் வந்து மன்னிப்பு கேக்குறேன்னு அப்ப சொல்லாதீங்க. அது உண்மையாவே இருக்கலாம், ஆனா அந்த இடத்துல அத சொன்னா அந்த அம்மாவுக்கு கிடைக்க வேண்டிய நியாயம் உங்க பக்திக்கு ஒரு சான்ஸா மாறிடும். திட்டுனது பத்து பேர் முன்னாடி, மன்னிப்பு மட்டும் தனியா கூப்பிட்டு காதுல சொல்றதுங்கறதும் சரியில்ல. பேரு போனது எங்கயோ அங்கயே அது திரும்பி கிடைக்கணும்.

அவங்க உடனே "பரவால்ல கண்ணு, விடு"ன்னு சொல்லலாம், சொல்லாமயும் போகலாம், மூஞ்ச திருப்பிட்டு போகலாம், அவங்களுக்கு அந்த உரிமை இருக்கு. மன்னிச்சிட்டேன்னு சொல்லுங்கன்னு நின்னு கெஞ்சாதீங்க.

அடுத்தது காசு. கூலில பிடிச்சிருந்தா முதலாளிகிட்ட போய் தப்பு என்னோடதுன்னு சொல்லி அத திருப்பி கொடுக்க வைங்க, அவரு முணுமுணுத்தா உங்க சம்பளத்துல இருந்து கொடுங்க. வரி வசூல் பண்ற சகேயு ஆண்டவர வீட்டுக்கு கூட்டிட்டு போன அன்னைக்கு பாட்டு பாடுனதா லூக்கா எழுதல, ஒருவனிடத்தில் எதையாவது அநியாயமா வாங்கியிருந்தா நாலத்தனையா திருப்பி தரேன்னு எழுந்து நின்னு சொன்னதத்தான் எழுதியிருக்காரு. யாக்கோபு 5:4 இன்னும் பயங்கரமா இருக்கும், பிடிச்சு வச்ச கூலி கூக்குரல் போடுது, அந்த சத்தம் சேனைகளோட கர்த்தரோட காதுக்கு போகுதுன்னு. அந்த அம்மா ஜெபம் பண்றவங்களா இல்லையா, எந்த சாமி கும்பிடுறாங்கன்னு அந்த வசனம் கேக்கவே இல்ல, கூலியே போய் முறையிடுதாம்.

நீங்க கேட்ட கேள்வி, வெளிய தெரியற மாதிரி ஜெபம் பண்ணலாமா கூடாதா. இயேசுவோட மலைப்பிரசங்கத்துலயே ரெண்டும் இருக்கேன்னு குழம்பியிருக்கீங்க, நியாயமான குழப்பம்தான். மத்தேயு 5:16ல "மனுஷர் உங்கள் நற்கிரியைகளைக் கண்டு" பிதாவ மகிமைப்படுத்தும்படி உங்க வெளிச்சம் பிரகாசிக்கட்டும்னு சொல்றாரு, பக்கத்த திருப்புனா 6:1ல மனுஷர் காணணும்னு செய்யாதீங்கன்னு எச்சரிக்கை. ஆனா எத காட்ட சொன்னாரு, எத மறைக்க சொன்னாருன்னு தனித்தனியா பாருங்க. ஆறாம் அதிகாரத்துல அவரு உள்ள வைக்க சொல்றது தர்மம், ஜெபம், உபவாசம், அதாவது பாக்குறவங்க "ஆஹா எவ்வளவு பக்தி"ன்னு நம்மளயே பாராட்டக்கூடிய விஷயங்கள். ஐந்தாம் அதிகாரத்துல வெளிச்சத்துல வைன்னு சொல்றது அடுத்தவங்களுக்கு நன்மையா முடியற நற்கிரியை, அதே அதிகாரத்துல கொஞ்சம் கீழ வந்தா, பலிபீடத்துக்கு முன்னாடி நிக்கும்போது சகோதரனுக்கு உன்மேல குறை உண்டுன்னு ஞாபகம் வந்தா காணிக்கைய அங்கயே வச்சிட்டு முதல்ல போய் ஒப்புரவாகுன்னு சொல்றாரு, 23, 24 வசனம். காணிக்கை பாதில நிக்கட்டும், பரவால்ல, நீ முதல்ல போங்கறாரு. நம்ம ஆளுங்க பலபேர் இத அப்படியே தலைகீழா செய்யறோம், ஜெபம் எல்லாருக்கும் தெரியுது, ஒப்புரவாகுறது மட்டும் யாருக்கும் தெரியாம, பல நேரம் நடக்காமயே போயிடுது.

அதுக்காக பாத்ரூமுக்கு போய் ஒளிஞ்சு ஜெபம் பண்ணணும்னு அர்த்தம் இல்ல தங்கச்சி, அத இன்னைக்கே நிறுத்துங்க. ராஜாவ தவிர யார்கிட்டயும் வேண்டக்கூடாதுன்னு கட்டளை போட்டது தெரிஞ்சும் தானியேல் மேலறைல பலகணி திறந்திருக்க முழங்கால் போட்டாரு, அத வீராப்புன்னு நினைச்சுக்காதீங்க, "தான் முன் செய்துவந்தபடியே"ன்னு ஒரு வார்த்தை இருக்கு அங்க, 6:10ல. சட்டம் வந்ததுக்காக ஜன்னல மூடவும் இல்ல, யாரோ பாக்கணும்னு புதுசா திறக்கவும் இல்ல. உங்களுக்கும் அதே அளவுதான். ஹாஸ்டல் ரூம்ல தனியா சாப்பிடும்போது எப்படி ஜெபம் பண்ணுவீங்களோ, அதே நீளம், அதே சத்தம், கடைலயும் அப்படியே பண்ணிட்டு சாப்பிடுங்க. தனியா இருக்கும்போது பத்து செகண்டு, கடைல மட்டும் ரெண்டு நிமிஷம்னா அதுல ஒரு பகுதி ஜெபம் இல்ல. ஸ்டேட்டஸும் அப்படித்தான், அந்த வசனம் முதல்ல உங்களுக்கு உதவியிருந்தா போடுங்க, இல்லன்னா விடுங்க. ஆனா அந்த அம்மா விஷயம் முடியற வரைக்கும் போட வேணாம்னுதான் நான் சொல்வேன்.

அந்த வாலிபர் கூட்டத்து அண்ணன் மேல எனக்கு கோபம் இல்ல, உங்க மேல அக்கறைலதான் சொல்லியிருப்பாரு. ஆனா அவருக்கு நீங்க கதைல பாதிதான் சொல்லியிருக்கீங்க போல. குகை அம்மா விஷயத்தையும் சேத்து சொல்லுங்க, அப்புறம் அவரு மாற்கு எட்ட எடுக்கறாரா வேற எதையாவது எடுக்கறாரான்னு பாப்போம்.

பக்கத்து சீட்டு பொண்ணு கேட்டது உங்கள எவ்வளவு குத்தியிருக்குன்னு லெட்டர்லயே தெரியுது, நாலு இடத்துல அவங்கள பத்தி எழுதியிருக்கீங்க, "கிண்டல் பண்ணாங்க"ன்னு ஒரு இடத்துல, "பரியாசம்"னு ஒரு இடத்துல. எனக்கு அப்படி தெரியல. அவங்க உங்க ஸ்டேட்டஸ தினம் படிச்சிருக்காங்க, வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் வச்சிருக்காங்க, ஒரு ஏழை அம்மாவ திட்டுனப்ப வாய மூடிட்டு இருக்காம கேட்டுருக்காங்க. அந்த கடைல அன்னைக்கு அந்த அம்மா பக்கம் பேசுனது அவங்க ஒருத்தர்தான். அவங்களுக்கு நன்றி சொல்லுங்க, "நீ கேட்டது சரிதான்"னு சொல்லுங்க. ஒருவேளை என்னைக்காவது ஒரு நாள் டீ குடிக்கும்போது, "எல்லார் முன்னாடியும் எழுந்து நின்னு மன்னிப்பு கேட்டியே, எப்படிடி முடிஞ்சுது"ன்னு கேப்பாங்க, அப்ப சொல்லுங்க, ரெண்டே வரி போதும். பேதுரு சொல்றது விசாரிச்சு கேக்குறவங்களுக்கு சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்ல ரெடியா இருங்கன்னுதான். கேக்காமயே போனாலும் பரவால்ல.

ஏற்காட்டுல இருந்தவரைக்கும் இந்த பிரச்சனையே வரலன்னு எழுதியிருக்கீங்க. மாண்ட்ஃபோர்ட் ஸ்கூலே 1917ல இருந்து இருக்கு, சர்ச்சுங்க அதுக்கும் முன்னாடி வந்தது, சர்ச் மணி அடிக்கறதும் கிறிஸ்மஸுக்கு ஸ்டார் தொங்கறதும் அங்க யாருக்கும் புதுசில்ல. உங்க எஸ்டேட் லைன் வீட்டுல எல்லாருமே சர்ச்சுக்கு போறவங்க, ஜெபம் பண்ணா யாரும் திரும்பி பாக்க மாட்டாங்க. சேலத்துல அப்படி இல்ல, ஆடி மாசம் கோட்டை மாரியம்மன் பண்டிகைன்னா ஊரே மஞ்சளா மாறி நிக்கும், அதுல நீங்க ஒருத்தர் தனியா தெரிவீங்க. தனியா தெரியறது தப்பில்ல, ஆனா நான் தனி ஆளுன்னு காட்டிக்கிட்டே இருக்கணும்ங்கற ஒரு அழுத்தம் உள்ள வந்துடுது, அந்த அழுத்தத்துலதான் பாதி ஸ்டேட்டஸ் போட்டிருப்பீங்கன்னு எனக்கு தோணுது, நீங்களே யோசிச்சு பாருங்க.

ஆயுத பூஜைக்கு வருவோம். இதுல சபைக்கு சபை வித்தியாசம் இருக்கு, கத்தோலிக்க அக்கா ஒருத்தங்க ஒண்ணு சொல்வாங்க, சி.எஸ்.ஐ.ல ஒண்ணு, பெந்தெகொஸ்தேல ஒண்ணு, நான் யாரோட போதனையையும் மாத்த வரல. பொட்டு, சந்தனம் வைக்கலாமாங்கற கேள்விக்கு நானூறு வருஷம் வயசு தங்கச்சி. 1606ல மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலிங்கற இத்தாலி கத்தோலிக்க சாமியார் காவி கட்டி, சைவம் சாப்பிட்டு வாழ்ந்தாரு, அவர்கிட்ட ஞானஸ்நானம் வாங்குனவங்க சந்தனம் வச்சுக்கலாமா, குடுமி, பூணூல் வச்சுக்கலாமான்னு பெரிய சண்டையாகி ரோம் வரைக்கும் போச்சு, 1623ல போப் பதினைந்தாம் கிரகோரி வச்சுக்கலாம்னு அனுமதி கொடுத்தாரு. அதே காலத்துலதான் நோபிலி சேந்தமங்கலம் வழியா நம்ம சேலத்துக்கும் வந்தாரு. அவ்வளவு பெரிய ஆளுங்க வருஷக்கணக்குல வாதாடுன விஷயத்த நீங்க ஒரு வாரத்துல முடிச்சாகணும்னு அவசியம் இல்ல. உங்க மனசாட்சிக்கு முடியாதுன்னா வேணாம், அவ்வளவுதான், அதுக்கு பெரிய விளக்கமும் தேவையில்ல.

பூஜைல படைச்ச பொரி பத்தி 1 கொரிந்தியர் 8, 10 ரெண்டையும் சேத்து படிங்க. உங்க முன்னாடி வச்சத மனசாட்சிக்காக ஒண்ணும் விசாரிக்காம சாப்பிடுங்கன்னு பவுல் சொல்றாரு, ஆனா இது படைச்சதுன்னு ஒருத்தர் சொன்னா, சொன்னவரோட மனசாட்சிக்காக சாப்பிடாதீங்கன்னும் சொல்றாரு. ஆயுத பூஜை பொரி படைச்சதுன்னு எல்லாருக்குமே தெரியும்ங்கறதால நான் உங்க இடத்துல இருந்தா வேணாம்னுதான் சொல்வேன். ஆனா எப்படி வேணாம்னு சொல்றோம்ங்கறதுலதான் எல்லாமே இருக்கு. "இது பிசாசுக்கு படைச்சது"ன்னு அவங்க மூஞ்சிக்கு நேரா சொல்றதும், கொடுத்ததும் வாங்கி யாருக்கும் தெரியாம குப்பைல போடறதும் ரெண்டும் கேவலம், அவங்க அன்போட கைல வைக்கிறாங்க. தானியேல் முதல் அதிகாரத்துல ராஜா சாப்பாடு வேணாம்னு தீர்மானம் பண்ணதும் தட்ட தள்ளிவிடல, பிரதானிகிட்ட போய் வேண்டிக்கிட்டாரு, அந்த ஆளுக்கு ராஜாகிட்ட இருந்த பயத்தையும் காது கொடுத்து கேட்டாரு, பத்து நாள் சோதிச்சு பாருங்கன்னு ஒரு வழியும் சொன்னாரு.

வேலைய விடறது பத்தி. கிறிஸ்தவ ஸ்கூல் ஆபீஸ்லயும் நோட்டு இருக்கும், ஃபீஸ் கட்ட முடியாத அம்மா ஒருத்தங்க கவுன்ட்டர்ல வந்து நிப்பாங்க, உங்களுக்கு மாசக் கடைசி டென்ஷனும் இருக்கும். சம்பளம், தூரம், பாதுகாப்புன்னு வேற காரணம் இருந்தா தாராளமா மாறுங்க, அது தனி விஷயம். ஆனா குகை அம்மா விஷயம் முடியாம போகாதீங்க, நோட்டுல திருத்துனது முதலாளிக்கு தெரியாம இருக்கும்போது நீங்க திடீர்னு நின்னுட்டா, பின்னால அது வேற மாதிரி பேச்சாகும், அதுக்கும் பதில் அந்த அம்மாதான் சொல்ல வேண்டி வரும்.

பொரி விஷயத்த ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் முன்னாடியே முதலாளிகிட்டயோ அவங்க வீட்டம்மாகிட்டயோ தனியா பேசிடுங்க, "நான் பூஜைல நிக்கல, பொரி எடுத்துக்கல, தப்பா நினைச்சுக்காதீங்க, மத்த எல்லா வேலையும் நான் பாத்துக்கறேன்"னு சொல்லுங்க, அன்னைக்கு காலைல தட்டு நீட்டும்போது சொன்னா அவங்களுக்கு அவமானமா போயிடும். முந்துன நாள் கடைய கழுவி துடைக்கிற வேலை இருக்குமே, அதுக்கு லீவு போடாம போங்க, தராச துடைக்கிற வேலைய நீங்களே எடுத்துக்கங்க. ஆனா இதெல்லாம் பேசப் போறதுக்கு முன்னாடி அந்த அம்மாவ பாத்துடுங்க, கூலில பிடிச்சாங்களா இல்லையான்னு எனக்கு ஒரு வரி எழுதுங்க.